மார்பகக் கட்டி மாதிரி அனுப்பும் மருத்துவமனைகளுக்கு

அன்புடையீர், வணக்கம்.

பண்ருட்டி, விருத்தாசலம், சிதம்பரம் பக்கமிருந்து கடலூரில் உள்ள எங்கள் லேபுக்கு மாதிரிகள் அனுப்புகிறீர்கள். கட்டியை எடுத்த நேரம், ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) போட்ட நேரம் இரண்டையும் படிவத்தில் எழுதச் சொல்லி ஏன் இப்படி நச்சரிக்கிறோம் என்று சிலர் கேட்டீர்கள். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ரிசெப்டர் (அந்த ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் புரதம்) கட்டியில் இருக்கிறதா என்ற ரிப்போர்ட் சரியாக வருவது அந்த இரண்டு நேரங்களைப் பொறுத்துத்தான்.

ரிசெப்டரைக் காட்டும் சாயம் புற்றுசெல்களில் 1 சதவீதத்தின் உட்கருவில் ஏறினாலே பாசிட்டிவ். ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் நெகட்டிவ் என்று போய்விட்டால் டாமாக்சிஃபென் போன்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரையை யாரும் யோசிக்கக்கூட மாட்டார்கள். ஆனால் திசு ஃபார்மலினில் சரியாக ஃபிக்ஸ் ஆகாவிட்டால் (பதப்படாவிட்டால்), இருக்கிற ரிசெப்டரும் சாயத்தில் தெரியாது.

ரத்த ஓட்டம் நின்றதுமே புரதம் சிதையத் தொடங்கும். அதனால் ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட்டாக வேண்டும். முழு மார்பகத்தை அப்படியே வாளியில் அமிழ்த்தினால் போதாது. ஃபார்மலின் மணிக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் உள்ளே போகும். போய்ச் சேர்ந்த பிறகும் புரதங்களைப் பிணைக்க அதற்குப் பல மணி நேரம் தேவை. வெளியே கெட்டியாகி, நடுவே கட்டி பச்சையாகவே கிடக்கும். அப்புறம் ஸ்லைடில் ஓரமெல்லாம் நன்றாகச் சாயம் ஏறியிருக்கும், நடுவில் வெறிச்சோடியிருக்கும். ஆகவே தையல் நூலால் திசையைக் குறித்து, விளிம்புகளில் மை பூசி, 5 மில்லிமீட்டர் கனத்தில் துண்டு போட்டு வையுங்கள். விளிம்பு கெட்டுவிடுமோ என்று தயக்கமாக இருந்தால் வெட்டுவதற்கு முன் ஒரு போன் போடுங்கள். கடலூர் நகருக்குள் என்றால் உடனே கொடுத்தனுப்புங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் ஃபார்மலினில் இருக்க வேண்டும். "ஊசி பயாப்ஸிதானே, நூல் மாதிரி இருக்கிறது, சாயங்காலமே முடித்துவிடலாமே" என்று கேட்காதீர்கள். அதற்கும் அதே 6 மணி நேரம்தான். மேல் வரம்பைத் தாண்டுவது அவ்வளவு ஆபத்தில்லை என்பது எங்கள் அனுபவம். அதற்காகப் பொங்கல் விடுமுறை முழுக்க ஊற விடவும் வேண்டாம். முன்கூட்டிச் சொன்னால் ஆள் ஏற்பாடு செய்கிறோம்.

10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின், திசுவைப் போல் பத்து மடங்கு. சலைன் வேண்டாம், ஸ்பிரிட் வேண்டாம், தண்ணீர் கலக்காத ஃபார்மலினும் வேண்டாம். ஊறுகாய் பாட்டிலும் வேண்டாம்: மெத்தென்று உள்ளே போன கட்டி, விறைத்த பிறகு அந்த வாய் வழியாக வெளியே வராது. அகலவாய் டப்பாவும் ஃபார்மலினும் கேட்டால் தருகிறோம்.

ஸ்லைடில் கட்டிக்குப் பக்கத்திலுள்ள நல்ல பால்நாளத்தையும் பார்ப்போம்; அதில் ரிசெப்டர் இயல்பாகவே இருக்கும். அதிலும் சாயம் ஏறாவிட்டால் நெகட்டிவ் என்று எழுத மாட்டோம். வேறு பிளாக்கில் (மெழுகில் பதித்த திசுத் துண்டு) திரும்பச் செய்வோம். நோயாளியின் பழைய ஊசி பயாப்ஸி பிளாக் உங்களிடம் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
லேப் நிர்வாகம், கடலூர்