மே மாதத்துப் பெட்டி: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

நேற்று இரவு நீ போனில் கேட்டதற்கு அப்போதே சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "பிள்ளைகளோடு மே மாதம் முழுக்க முசிறியில்தான் இருக்கப்போகிறேன், என்னென்ன கதைப் புத்தகம் எடுத்துப் போகலாம், சொல் அண்ணா" என்றாய். போனை வைத்த பிறகு அலமாரி முன்னால் உட்கார்ந்தவன், எடுத்து வைப்பதும் மறுபடி சொருகுவதுமாக நள்ளிரவு தாண்டிவிட்டேன். ஒரு அட்டைப்பெட்டி நிரம்பிவிட்டது. நாளைக் காலை பார்சலில் போடுகிறேன். எதை ஏன் வைத்தேன் என்று எழுதாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

"பிள்ளைகளுக்கு நல்லது" என்பதற்காக இந்தப் பெட்டியில் ஒரு புத்தகமும் வைக்கவில்லை. கோடை விடுமுறையில் படிக்கும் நாவல் ஆளை இழுத்துக்கொண்டு போக வேண்டும். சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ, இந்த அத்தியாயம் முடிந்துவிடும்" என்று குரல் வர வேண்டும். படித்து முடித்ததும் என்ன புரிந்தது என்று கேட்காதே. சுருக்கம் எழுதச் சொல்லாதே. அம்மா நம்மிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. நாம் இருவரும் இன்றும் படிக்கிறவர்களாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

மூத்தவளிடமிருந்து தொடங்குகிறேன். பதினைந்து வயது, படம் வந்தபோதே பொன்னியின் செல்வனைப் பார்த்துவிட்டாள். அதனால் ஐந்து பாகத்தையும் தூக்கி அவள் மடியில் வைத்துவிடலாம் என்று நினைப்பாய். வேண்டாம். கல்கியில் முதலில் பார்த்திபன் கனவைக் கொடு. ஒரே புத்தகம், ஒரு வாரத்தில் முடிந்துவிடும். உறையூர்ப் பக்கத்துக் காவிரிக் கரையில், ஒரு தோணித்துறையில் கதை தொடங்குகிறது. ஓடக்காரன் பொன்னன், அவன் மனைவி வள்ளி, அரசைப் பறிகொடுத்த இளவரசன் விக்கிரமன், எங்கிருந்தோ வந்து போகும் ஒரு சிவனடியார். அந்தச் சிவனடியார் யார் என்று அவளாகவே ஊகிக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நீ சொல்லிவிடாதே. நம் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் மே மாதத்தில் காவிரி வெறும் மணலாகக் கிடக்கும். மேட்டூரை வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி திறந்தால்தான் தண்ணீரைப் பார்க்கலாம். அந்த மணலைப் பார்த்துக்கொண்டே பொன்னனின் படகைப் பற்றிப் படிக்கும்போது, ஆறு முழுவதையும் அவளே மனசுக்குள் நிரப்பியாக வேண்டும். எனக்கு அவள் வயதில் அப்படித்தான் நடந்தது.

அவளுக்கு அடுத்தது சுஜாதாவின் என் இனிய இயந்திரா. ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை. ஒரு சர்வாதிகாரியின் ஆட்சியில் எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான், குழந்தை பெற்றுக்கொள்ளக்கூட அரசாங்க அனுமதி வேண்டும். காணாமல் போன கணவனைத் தேடும் நிலா என்ற பெண்ணுக்குத் துணையாக வருவது ஜீனோ என்ற இயந்திர நாய். பேசும், புத்தகம் படிக்கும், போகப்போகக் கதையையே தன் கையில் எடுத்துக்கொள்ளும். சுஜாதா கதையை வைத்தது 2021ஆம் ஆண்டில். அந்த வருஷத்தை நாமே தாண்டி வந்துவிட்டோம். அவர் சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அவள் சண்டை போடுவாள் பார், அந்தச் சண்டைக்காகவே நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வருகிறேன். முடித்ததும் இன்னும் வேண்டும் என்று கேட்பாள். மீண்டும் ஜீனோவையும் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன், முன்னாலேயே காட்டாதே.

சின்னவனுக்கு ஒன்பது வயது. தானாகப் படித்தால் நான்கு பக்கத்தில் ஓடிவிடுவான். நீ படித்துக் காட்டினால் நாற்பது பக்கம் கேட்பான். அவனுக்காகக் கி. ராஜநாராயணனின் பிஞ்சுகள். கரிசல் காட்டுச் சிறுவன் ஒருவன் பறவை முட்டைகளைத் தேடித் தேடிச் சேர்க்கிற கதை. மெல்லிய புத்தகம். கோவில்பட்டிப் பக்கத்துப் பேச்சு அப்படியே இருக்கும். சில சொல் உனக்கே தெரியாது. அப்பாவிடம் கேள், அவருக்கும் தெரியாவிட்டால் அப்படியே விட்டுவிட்டு மேலே படி. மதியம் இரண்டு மணிக்கு, முற்றத்தில் கால் வைக்க முடியாத வெயிலில், ரேழியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு வாய்விட்டுப் படிக்க இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியாது. சாயங்காலம் கொல்லையில் தவிட்டுக்குருவி கத்தினால் அவன் தலை தானாகத் திரும்பும். முட்டையை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லிவை.

அவனுக்கே இன்னொன்று, உதயசங்கர் எழுதிய ஆதனின் பொம்மை. கீழடியை வைத்து எழுதிய சிறார் நாவல். 2023ல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் இதற்குத்தான் கிடைத்தது. ஆதன் என்ற பெயரே கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் கீறியிருந்த பெயர். கதையை முடித்த கையோடு ஒரு நாள் அவனைக் கீழடிக்கு அழைத்துப் போ. மதுரையிலிருந்து பக்கம்தான், 2023ல் அங்கேயே அருங்காட்சியகம் திறந்துவிட்டார்கள். தென்னந்தோப்புக்கு நடுவில் தோண்டிய குழிகள், உறைகிணறு, விளையாட்டுச் சில்லுகள், கண்ணாடிக்குள் பானை ஓடுகள். நான் போயிருந்தபோது ஒரு பையன் தன் விரலால் கண்ணாடி மேலேயே அந்தக் கீறலை எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எஸ். பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியமும் இருக்கிறது. பிள்ளைகள் உடலைத் தவறாகத் தொடுகிறவர்களைப் பற்றி, பேசும் மரப்பாச்சி பொம்மை ஒன்றின் வழியாகச் சொல்லும் நாவல். கனமான விஷயம்தான், ஆனால் பிள்ளையைப் பயமுறுத்தாமல் எழுதியிருக்கிறார். இதை மட்டும் நீ முதலில் படித்துவிட்டு, பிறகு அவனோடு சேர்ந்து படி.

இனி உனக்கு. நீ உனக்கென்று எதுவும் கேட்கவில்லை. கேட்க மாட்டாய் என்றும் தெரியும். ஜெயகாந்தனின் ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம் மேலேயே இருக்கிறது. பெட்டியைப் பிரித்ததும் அதை எடுத்து உன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்.

ஹென்றி என்ற இளைஞன், தன்னை வளர்த்த அப்பா இறந்த பிறகு, அவருடைய கிராமத்தைத் தேடி வருகிறான். கிருஷ்ணராஜபுரம். பல வருஷமாகப் பூட்டிக்கிடக்கும் வீடு ஒன்று அங்கே இருக்கிறது. லாரி ஓட்டும் துரைக்கண்ணு அந்த அப்பாவின் தம்பி. இப்போது சொத்துத் தகராறு வெடிக்கப்போகிறது என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்போம். ஆனால் இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கத் துடிக்கிறார்கள். அந்த இடத்தை முதல் முறை படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றேன். இந்த நாவலில் கெட்டவன் என்று ஒருவனும் இல்லை. அப்படி இருந்தும் ஒரு பக்கம்கூடத் தொய்வதில்லை. கிணற்றில் குளிப்பதும், வீட்டைத் திறந்து கூட்டிக் கழுவுவதும், வாத்தியார் தேவராஜனோடு திண்ணையில் பேசிக்கொண்டிருப்பதும்தான் சம்பவங்கள். பதினொரு மாதம் அலுவலகமும் அடுப்பும் என்று ஓடுகிற நீ, அந்த வீட்டில் ஒரு மாதம் போய் இருந்துவிட்டு வர வேண்டும் என்பது என் ஆசை.

மாப்பிள்ளை சனி ஞாயிறுதான் வருவார் என்றாயே, அவருக்குச் சுஜாதாவின் கொலையுதிர் காலம். பேயா விஞ்ஞானமா என்று வக்கீல்கள் கணேஷும் வசந்தும் திணறுகிற கதை. இரண்டு இரவு போதும். அப்பாவுக்கு அ. முத்துலிங்கத்தின் உண்மை கலந்த நாட்குறிப்புகள். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் தொடங்கி ஆப்பிரிக்கா வரை போகும். ஒவ்வொரு அத்தியாயமும் தனியாக நிற்கும் என்பதால், கண் வலித்தால் அப்பா நடுவில் வைத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

பெட்டி தீர்ந்துவிட்டால் ஊர் நூலகத்தில் பிள்ளைகள் இருவர் பெயரிலும் தனித்தனியாக உறுப்பினர் அட்டை போட்டுவிடு. தன் பெயரில் எடுத்த புத்தகத்தைப் பிள்ளை தூக்கி வரும் நடையே வேறு. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் மதுரைத் திட்டத்தின் இணையதளத்திலும் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் போனில் படிக்கச் சொல்லிக் கொடுத்தால் எங்கே போய் முடியும் என்று உனக்கே தெரியும்.

பொன்னியின் செல்வனை நான் அனுப்பவில்லை. அது அங்கேயே, பரண் மேலே தகரப் பெட்டியில் இருக்கிறது. 1950 முதல் 1954 வரை வந்த கதை கல்கி இதழில் மறுபடியும் தொடராக வந்தபோது, அம்மா வாராவாரம் பக்கங்களைக் கிழித்து அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, மைதாப் பசையும் காலண்டர் அட்டையும் வைத்துக் கட்டிய ஐந்து பாகம். ஓரத்தில் அந்தக் காலத்துத் துணுக்குகளும் விளம்பரங்களும் இருக்கும். ஆடிப் பதினெட்டுக்கு நீங்கள் எல்லோரும் எப்படியும் ஊருக்கு வருவீர்கள். வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வருவதும் அதே நாளில்தான். ஆற்றில் தண்ணீர் ஓடும்போது மூத்தவள் முதல் பாகத்தைத் தொடட்டும்.

மூன்றாம் பாகத்தில் ஒரு அத்தியாயம் இருக்காது. அந்த வார இதழைப் பக்கத்து வீட்டில் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை. அந்த இடம் வரும்போது அம்மா புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுத் தானே சொல்லுவாள், நினைவிருக்கிறதா? அவளையும் மூத்தவளுக்கு அப்படியே சொல்லச் சொல். நான் அந்த அத்தியாயத்தை இன்றுவரை அச்சில் படித்ததில்லை.

அன்புடன்,
அண்ணன்