கடைசி ஐந்து மில்லிகிராம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி மகிழ்ச்சி தந்தது. ஆனால் மனச்சோர்வுக்கு நீ எடுக்கும் வென்லாஃபாக்சின் மருந்தை இனி ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்து, அப்படியே நிறுத்திவிடப் போவதாக நீ எழுதியிருந்த பத்தியை மூன்று முறை படித்தேன். அதற்காகவே உடனே எழுதுகிறேன்.

நானும் மனச்சோர்வுக்காக நான்கு ஆண்டுகள் எஸ்சிட்டலோபிராம் என்ற மருந்தை எடுத்தது உனக்குத் தெரியும். 20 மில்லிகிராமிலிருந்து 10க்கு இறங்கியபோது ஒன்றும் தெரியவில்லை. 5க்கு வந்தபோது சில நாட்கள் தலைசுற்றல் இருந்தது, அவ்வளவுதான். அந்தத் துணிச்சலில் 5ஐ ஒரேயடியாக நிறுத்தினேன். நான்காம் நாள் முதல், கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினாலே தலைக்குள் ஷாக் அடித்தது போல ஒரு வெட்டு வெட்டியது. குமட்டலும், விடிய விடியக் கனவுகளும், வீட்டில் யார் பேசினாலும் எரிச்சலும் சேர்ந்துகொள்ள, பழைய நோய்தான் திரும்பிவிட்டது என்று நம்பி ஒரு மாலை முழுவதும் அழுதேன். மருத்துவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "முன்பு நோய் இருந்தபோது உங்களுக்கு இந்த ஷாக் இருந்ததா?" இருந்ததில்லை. மறுபடி 5 எடுத்த மூன்றாம் நாளே எல்லாம் அடங்கியது. நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் வாரக்கணக்கில் மெல்ல வரும் என்றும், இதுவோ மருந்தை நிறுத்தியதால் வரும் தொல்லை, நாட்களுக்குள் வந்து மருந்தை மறுபடி தொடங்கியதும் விலகுவது என்றும் அவர் விளக்கினார்.

சிறிய அளவு ஏன் இவ்வளவு படுத்துகிறது என்பதற்கு, 2019இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் மார்க் ஹொரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் எழுதிய கட்டுரையில் விடை இருக்கிறது. என் மருந்துக்கு மிக நெருங்கிய உறவான சிட்டலோபிராமை 60 மில்லிகிராமிலிருந்து 20க்குக் குறைத்தாலும் மூளையில் அதன் பிடி சிறிதளவே தளர்கிறது. 5இலிருந்து பூஜ்யத்துக்குப் போகும்போதோ பாதிக்கு மேற்பட்ட பிடி ஒரேயடியாக விட்டுப்போகிறது. எனவே இறங்க இறங்கப் படிகள் சிறிதாக வேண்டும். மருத்துவர் சொன்னபடி மாத்திரையைப் பாதியாகவும், பிறகு காலாகவும் வெட்டி, அந்தக் கடைசி 5ஐக் கடக்க நான் ஏழு மாதம் எடுத்துக்கொண்டேன்.

உன் மருந்து என்னுடையதை விடவும் வேகமாக உடலைவிட்டுப் போவது. வென்லாஃபாக்சின் ஏறத்தாழ 5 மணி நேரத்திலும், அது உடலில் மாறி உண்டாகும் பொருள் 11 மணி நேரத்திலும் பாதியாகிவிடும். ஒருநாள் விட்டு எடுத்தால் இரண்டு நாளுக்கொரு முறை நீ நிறுத்தித் தொடங்குவதாகவே ஆகும். தினமும் குறைந்த அளவு எடுப்பதுதான் வழி. மெதுவாகக் கரையும் கேப்சூலாக இருந்தால் அதை நீயாக உடைத்துப் பொடிக்கவும் கூடாது; எப்படிக் குறைப்பது என்று மருத்துவரே சொல்லட்டும்.

அந்த மாதங்களில் தலைசுற்றல் இருந்த நாட்களில் ஸ்கூட்டரைத் தொடவில்லை. ஒவ்வொரு இரவும் அளவையும் அன்றைய உடல்நிலையையும் ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதினேன். பயம் வந்தபோது முந்தைய பக்கங்களைப் புரட்டினால், இதே போன்ற வாரம் முன்பும் வந்து போயிருப்பது தெரிந்தது. என் எரிச்சலுக்குக் காரணம் இதுதான் என்று வீட்டில் முன்கூட்டியே சொன்னது பெரிய உதவி. வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்காதே. எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு. அல்லது அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸ் எண் 14416ஐ அழை, தமிழிலேயே பேசலாம்.

ஞாயிறு மாலை தொலைபேசியில் பேசுகிறேன். அதற்குள் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடு. அதுவரை இப்போதுள்ள அளவை ஒருநாளும் விடாமல் எடு.

என்றும் அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழி