அம்மா ஏன் போனை வைத்துவிடுகிறாள்

அன்புள்ள மகளுக்கு,

நீ பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மா போனை வைத்துவிடுகிறாள் என்று மனம் நொந்து சொன்னாய். அவளுக்கு உன்மேல் ஒரு கோபமும் இல்லை, கண்ணு. அந்த நேரம் முகத்தின் வலது பக்கத்தில் வலி வெட்டியது. வாயைத் திறந்தால் இன்னொரு வெட்டு வரும் என்ற பயத்தில் வைத்துவிட்டாள். இனிமேல் நான் போனை அவளுடைய இடது காதில் பிடிக்கிறேன். நீ உன் கதையைச் சொல்லிக்கொண்டே இரு, பதில் மட்டும் கேட்காதே.

பல்வலி என்றுதான் முதலில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். வலி அப்படியே இருந்தது. இப்போது கிளினிக்கில் சொல்லியிருப்பது ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, அதாவது ட்ரைஜெமினல் என்ற முக நரம்பில் வரும் வலி. நெற்றி, கன்னம், தாடை என்று 3 கிளையாக முகத்துக்கு வருகிற நரம்பு அது. மூளைக்குப் பக்கத்தில் அது புறப்படும் இடத்தில் ஒரு இரத்தக் குழாய் அழுத்துவதுதான் பெரும்பாலும் காரணமாம். கரண்ட் அடித்த மாதிரி வரும். சில வினாடி, மிஞ்சிப்போனால் 2 நிமிடம். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும்.

தலவாக்கலைக் காற்றில் இத்தனை வருஷம் மலையில் நின்று தேயிலைக் கொழுந்து பறித்தவள், இப்போது லயத்து வீட்டு வாசலுக்கு வரவே தயங்குகிறாள். முகத்தில் காற்றுப் பட்டால் போதும். வலது பக்கம் தலை வாருவதில்லை. சீப்பைக் காதுவரை கொண்டுபோய் அப்படியே நிறுத்திவிடுகிறாள். ரொட்டியை ஆறின தேத்தண்ணியில் ஊறவைத்து இடது பக்கமாக மெல்லுகிறாள்.

தீபாவளிக்கு வரும்போது நேரில் பார்ப்பாய். வலி வந்தால் கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார். கன்னத்தைத் தடவாதே. தைலத்தோடு பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து பாசத்தில் ஓடி வருவார்கள், அவர்களையும் தேய்க்க விடாதே. "எங்கேம்மா வலிக்குது" என்று கேட்டால் அவள் வாயை அசைக்க வேண்டிவரும். உன் கையை நீட்டு, வேண்டுமென்றால் பிடித்துக்கொள்வாள். ஒரு விரல் காட்டினால் தண்ணீர், உள்ளங்கையை விரித்தால் எல்லாரும் வெளியே. உனக்கு அழுகை வந்தால் அழு. ஆனால் அவள் உன்னைத் தேற்றும்படி வைத்துவிடாதே.

பனடோல் இதற்குக் கேட்காது. கார்பமசெப்பின் கொடுக்கிறார்கள், கொஞ்சமாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினார்கள். தூக்கமும் தலைசுற்றலும் வரும், அதனால் படியில் இறங்கும்போது நான் கூடவே போகிறேன். தோலில் தடிப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இரத்தத்தில் சோடியம் குறைகிறதா என்றும் பார்க்கிறார்கள். மாதக்கணக்கில் வலியே இல்லாமல் இருப்பதும் உண்டாம். அப்போது "சரியாகிவிட்டது, இனி எதற்கு மருந்து" என்பாள். டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது, அதை நீயும் அவளிடம் சொல்.

மருந்துக்கு அடங்காவிட்டால், அந்த இரத்தக் குழாயை நரம்பிலிருந்து விலக்கிவைக்கிற ஆபரேஷன் இருக்கிறது. அம்மாவுக்கு அது பொருந்துமா என்று கேட்கவேண்டும். எனக்கு அந்த விவரமெல்லாம் கோவையாகக் கேட்க வராது. அடுத்த கிளினிக்குக்கு லீவு போட்டுக்கொண்டு வா, மகள். திகதியை உறுதிசெய்துகொண்டு போன் எடுக்கிறேன்.

அன்புடன்,
அப்பா