லெக்சிங்டன் அவென்யூ கோஷர் தோசைக்கடை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களே,

உங்களில் எல்லோரும் தமிழர் அல்லர் என்பதை அறிவேன். ஆயினும் உங்கள் சமையலறைகளிலிருந்து தமிழ்க்குரல் கேட்டே பழகியவன் என்பதால் இம்மடலைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

நான் சைவ உணவுக்காரன். என் அலுவலக நண்பர், கோஷர் எனப்படும் யூத உணவு நெறியை வழுவாமல் காக்கும் யூதர். நியூயார்க்கின் மன்ஹாட்டனில் எத்தனை உணவகங்கள் இருந்தாலும், நாங்கள் இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து அதிகச் செலவின்றி மனநிறைவோடு உண்ண, பன்னிரண்டு ஆண்டுகளாக உங்கள் கடைகளே இடம் கொடுத்து வருகின்றன. இறைச்சி நுழையாத சமையலறை என்பதால் பாலையும் இறைச்சியையும் கலக்கலாகாது என்ற விதியைப் பற்றி அவருக்குக் கவலையில்லை; எனக்கோ எந்தக் கவலையும் இல்லை. அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. அதனால்தான் இவ்வளவு வருத்தமும்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மாவையும், நண்பரையும், எண்பது வயதைக் கடந்த அவருடைய தந்தையையும் உங்கள் கடைகளுள் ஒன்றிற்கு அழைத்து வந்தேன். பெரியவர் புரூக்ளினிலிருந்து ஒரு மணி நேரத்திற்கு மேல் சப்வேயில் வந்து, படியேறி, தடியூன்றி நடந்து வந்தார். வாசலில் 'கோஷர்' என்ற பலகை பளிச்சென்று இருந்தது. தோசைகள் மேசைக்கு வந்த பிறகுதான், கல்லாவுக்குப் பின்னால் நாட்காட்டி பாதி மறைத்திருந்த கோஷர் சான்றிதழை நண்பர் எட்டிப் பார்த்தார். அது காலாவதியாகி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. "புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறோம்" என்றார் பரிமாறியவர். சான்றளித்த அலுவலகத்தை நண்பர் தொலைபேசியில் அழைத்தபோது, அந்தக் கடையின் மேற்பார்வையை எப்போதோ விலக்கிக்கொண்டுவிட்டோம் என்றார்கள்.

பெரியவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மூடி திறக்காத தண்ணீர்ப் புட்டி ஒன்றை மட்டும் வாங்கித் தரச் சொல்லி, ஆவி பறந்த தோசை ஆறி விறைத்துப்போகும்வரை எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு முதியவர் பசியோடு இருக்கையில் தமக்குச் சோறு இறங்காது என்று அம்மாவும் தட்டை ஒதுக்கிவிட்டார். விருந்துக்கு அழைத்துவந்தவன் நான். இருவரும் உண்ணாமல் எழுந்ததைப் பார்த்துக்கொண்டு, சேவைக்கட்டணமும் சேர்த்துப் போட்டிருந்த பில்லுக்குப் பணம் கொடுத்தேன்.

என் கோரிக்கை ஒன்றே: நடப்பில் உள்ள சான்றிதழை, அளித்தவர் பெயரும் முடிவு நாளும் தெளிவாகத் தெரியும்படி, தெருவைப் பார்த்த கண்ணாடிக் கதவில் ஒட்டுங்கள், சான்று நின்ற அன்றே 'கோஷர்' பலகையைக் கழற்றுங்கள்.

இது நான் புதிதாகக் கேட்கும் சலுகை அன்று. எது கோஷர் என்பதை அரசே வரையறுத்த பழைய சட்டப் பிரிவுகள் அரசியலமைப்புக்கு ஒவ்வாதவை என்று 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிய பின், நியூயார்க் மாநிலம் 2004இல் கொண்டுவந்த சட்டம், சான்றளிப்பவர் யார் என்பதை வாடிக்கையாளரின் பார்வைக்கு வைக்குமாறுதான் கேட்கிறது. நகரச் சுகாதாரத் துறை தூய்மையைச் சோதித்துத் தரும் ஏ, பி, சி தர அட்டையை 2010 முதல் வழிப்போக்கர் கண்ணில் படும்படி மாட்டிவருகிறீர்களே, அதன் பக்கத்தில் இன்னொரு தாளுக்கு இடமில்லையா?

'கோஷர்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் ஏன் போதாது என்பது உங்களுக்கே தெரியும். யூதரல்லாதார் நடத்தும் கடை என்பதால் யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமையும் திறந்திருக்க இசைந்து சான்றளிக்கும் ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், உண்டு. அத்தகைய சான்றை ஏற்காத குடும்பங்களும் உண்டு. கொத்தமல்லியையும் கீரையையும் பூச்சியில்லாமல் ஆய்ந்து பார்க்க, அடுப்பைப் பற்றவைக்க, யூதரான ஒரு மேற்பார்வையாளர் தேவை. அவருக்காகும் செலவும் சான்றுக் கட்டணமும் சிறு கடைக்குப் பாரம் என்பதை நான் மறுக்கவில்லை. வாடகையும் விலைவாசியும் ஏறிய இந்நகரில் எளிய கோஷர் கடைகள் அருகிவருகின்றன. எஞ்சியவற்றில் பலவற்றில் நால்வர் உண்டால் ஒரு வாரத்து மளிகைப் பணம் போய்விடுகிறது. சான்றைத் தொடர முடியாவிட்டால் அதை விட்டுவிட உங்களுக்கு முழு உரிமை உண்டு. விட்ட பின்னும் பலகையை வைத்திருக்க உரிமை இல்லை. ஒருவர் வாழ்நாள் முழுவதும் காத்த நோன்பை, அவருக்குத் தெரியாமலே முறிக்கவைக்கும் செயல் அது.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மா ஊர் திரும்ப இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன. அந்தப் பெரியவரை மீண்டும் அழைத்துவந்து, அவர் உண்பதைப் பார்த்துவிட்டே விமானம் ஏற வேண்டும் என்கிறார். உங்களுள் எவரேனும் அதற்குள் அந்தத் தாளைக் கதவில் ஒட்டித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாடிக்கையாளன்,
குயீன்ஸ், நியூயார்க்