கோதுமைக்குள் மறைந்த பாதை குறித்து வழியுரிமைப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

கவுண்டி கவுன்சிலின் பொது வழியுரிமைப் பிரிவு அலுவலர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்த் தேவாலயத்தின் பின்புறம் தொடங்கி, இரண்டு வயல்களைக் குறுக்காகக் கடந்து ஓடைப் பாலத்தை அடையும் பொது நடைபாதை (தனியார் நிலத்தின் ஊடே எவரும் நடந்துசெல்லச் சட்டம் உரிமை தரும் வழி), பிரிட்டனின் தேசிய நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் பச்சைக் கோடாக இன்றும் இருக்கிறது, தரையில்தான் காணவில்லை. சென்ற அக்டோபரில் வயலை உழுது கோதுமை விதைத்தவர் பாதையை மீட்டுத் தரவில்லை. வேலியோரக் கம்பத்தில் பொது நடைபாதையைக் குறிக்கும் மஞ்சள் அம்புக்குறி மட்டும் பயிரை நோக்கிக் கைகாட்டிக்கொண்டு நிற்கிறது.

வயலின் குறுக்கே செல்லும் நடைபாதையை உழுவதற்கு 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் இடம் தருகிறது என்பதை அறிவேன். ஆனால் விதைப்புக்காக முதன்முறை மண்ணைக் கிளறிய 14 நாட்களுக்குள், குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு, தடம் கண்ணுக்குத் தெரியுமாறு அதைச் சமன்செய்து தரவேண்டும் என்பதும், பயிர் அதன்மேல் படரக்கூடாது என்பதும் அதே சட்டத்தில் உள்ளவையே. டிராக்டரை அக்கோட்டின்மீது ஒருமுறை ஓட்டினாலே தடம் பதிந்துவிடும். இவ்வட்டாரத்தில் பெரும்பாலான விவசாயிகள் சொல்லாமலே அதைச் செய்கிறார்கள்.

தொலைபேசியில் முறையிட்டபோது, வயலோரமாகச் சுற்றிச் செல்லலாமே என்று உங்கள் அலுவலர் ஒருவர் கனிவாகவே சொன்னார். அந்தக் கனிவுதான் எனக்குக் கவலை தருகிறது. வயலோரத்தில் எங்களுக்கெனப் பதிவான உரிமை ஏதுமில்லை. நாளை அங்கே ஒரு கம்பி வேலி எழுந்தால் கேட்க வழியிராது. பாதையை இடம் மாற்றுவதாயின் அதற்கு முறையான ஆணையும், பொது அறிவிப்பும், ஆட்சேபிக்கும் வாய்ப்பும் உண்டு. தொலைபேசி அறிவுரை அவற்றுக்கு ஈடாகாது. நடப்பார் இல்லாததால் பொதுவழி சட்டப்படி அழிந்துவிடாதுதான். எனினும், தடமே தெரியாத இடத்தில் புதியவர் எவரும் கால்வைக்கத் துணியமாட்டார்.

என்னுடன் நடக்க வரும் தமிழர்களைப் பார்த்துத்தான் இது எனக்கு நன்றாகப் புரிந்தது. வரப்பில் நடந்து பழகிய அவர்கள் பயிரை மிதிப்பதைப் பாவமாகக் கருதுவதால், வரைபடத்தைக் காட்டினாலும் ஓரத்துக்கே ஒதுங்குகிறார்கள். இம்மடலைத் தமிழிலும் எழுதுவது அவர்களுக்காகவே. ஆங்கிலப் படி உங்களுக்குத் தனியே வருகிறது.

1932 ஏப்ரலில் இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கவுட் மலையில் தடையை மீறி ஏறியவர்கள், பரந்த மேட்டுநிலத்தில் உலவும் உரிமையைக் கேட்டார்கள். எங்கள் கோரிக்கை அவ்வளவு பெரிதன்று: 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றி, இன்று நீங்களே பேணும் உறுதிவரைபடத்தில் (பொது வழிகளின் சட்டபூர்வப் பதிவு) ஏற்கெனவே உள்ள பாதைக்கு ஒரு மீட்டர். வயலைப் பயிரிடுபவருக்கு அறிவிப்பு அனுப்புங்கள். அவர் செய்யாவிட்டால் நீங்களே தடத்தைச் சீரமைத்துச் செலவை அவரிடம் வசூலிக்கவும் சட்டம் இடமளிக்கிறது. இது மார்ச் மாதம், பயிர் இன்னும் கணுக்காலளவுதான் இருக்கிறது. ஜூனுக்குள் அது முழங்காலைத் தாண்டிவிடும் என்பதால், அதற்குமுன் ஒருமுறை நேரில் வந்து பார்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அப்பாதையில் நடப்பவர்களுள் ஒருவர்