பாட்டுப் போடுகிறவள்

கும்பகோணம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் நலம். உன் நலம் அறிய ஆவல். பொங்கலுக்குப் பிறகு நீ பேசவில்லை என்று நான் குறை சொல்லவில்லை. பெர்லினில் வேலை அதிகமாக இருக்கும் என்று அம்மாவிடம் நானே ஒவ்வொரு வாரமும் சொல்லிவருகிறேன். அன்றைக்கு நீ ஒரு கேள்வி கேட்டாய். நான் "சாப்பிட்டாயா" என்று பேச்சை மாற்றினேன். அந்தக் கேள்விக்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். வெள்ளிக்கிழமை இரவுகளில் கிளப்பில் டிஜேயாக நிற்கும்போது காதடைப்பான் வைத்துக்கொள்கிறாயா? 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைந்துவிடும் என்றும் இங்குள்ள காது மருத்துவர் சொன்னார். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம்தான். நீயோ நான்கு மணி நேரம் நிற்கிறாய். காதுக்கு அச்செடுத்து, இசைக்காரர்களுக்கென்றே செய்துகொடுக்கும் அடைப்பான் இருக்கிறதாம். செலவைப் பார்க்காதே. நான் எதற்கு அந்த மருத்துவரிடம் போனேன் என்பது இருக்கட்டும்.

சொந்தமாகப் பாட்டு உருவாக்குகிறவர்தான் இசைக்கலைஞரா, அடுத்தவர் உருவாக்கியதை வாசிக்கும் டிஜே வெறும் ஆபரேட்டரா என்று கேட்டாய். சொந்த வெளியீடு இல்லாதவர்களுக்கு இப்போது மேடை கிடைப்பதே கடினம் என்றும், அதனால் சிலர் காசு கொடுத்து வேறொருவரிடம் பாட்டைச் செய்து வாங்கித் தங்கள் பெயரில் வெளியிடுகிறார்கள் என்றும் சொன்னாய். அதைச் சொல்லும்போது உன் குரல் இறங்கியதை நான் கவனித்தேன்.

உன் தாத்தா ஒரு கீர்த்தனைகூட இயற்றியவர் அல்லர். ஆனால் முகூர்த்த வேளையில் அவருடைய கை தவிலிலும் கண் மணவறையிலும் இருக்கும். நாகஸ்வரக்காரர் ராகத்தின் எந்த மூலையில் சஞ்சரித்துக்கொண்டிருந்தாலும், ஐயர் விரலை உயர்த்திய மாத்திரத்தில் எல்லாவற்றையும் கெட்டிமேளத்துக்குத் திருப்பி, தாலி ஏறியதும் விட்ட இடத்திலிருந்து ஒன்றுமே நடவாததுபோல எடுத்துச் செல்வார். ஒரு கணம் பிந்தினாலும் கல்யாண வீடு முழுவதற்கும் தெரிந்துவிடும். அரியக்குடி ராமானுஜ ஐயங்காரை இன்றுவரை நாம் எதற்காக நினைக்கிறோம்? பாடிய பாட்டுக்காக மட்டுமா? வர்ணத்தில் தொடங்கி எங்கே விரைய வேண்டும், எங்கே விரிய வேண்டும், துக்கடா என்ற சிறு உருப்படிகளை எங்கே வைக்க வேண்டும் என்று இன்றைய கச்சேரியின் வரிசையை அமைத்துக்கொடுத்தவர் என்பதற்காகவும்தான். வரிசைப்படுத்துவது இசையைச் சேர்ந்த அறிவு என்பதை நம் குடும்பத்தில் பிறந்த யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. உனக்கு விளக்க வேண்டி வந்தது என் குற்றம்.

நீ முன்பு சொன்ன கூல் ஹெர்க் என்ற டிஜேயைப் பற்றி இப்போதுதான் நிதானமாகப் படித்தேன். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், தங்கை ஏற்பாடு செய்த விருந்தில் அவர் இசைத்தட்டுகளைப் போட்டதைத்தான் ஹிப்ஹாப்பின் பிறந்தநாள் என்கிறார்கள். பாட்டில் மற்ற வாத்தியங்கள் ஒதுங்கித் தாளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளுக்காகத்தான் ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்து, ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, அந்தச் சில விநாடிகளை அவர் நிமிடக்கணக்கில் நீட்டியிருக்கிறார். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அது கச்சேரியில் தாள வாத்தியம் மட்டும் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் அல்லவா! தாத்தா இருந்திருந்தால் அந்த ஆளுக்கு எழுந்து நின்று சால்வை போர்த்தியிருப்பார்.

இரண்டும் ஒன்றே என்று உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்லமாட்டேன். ஒன்றுமில்லாத நிசப்தத்திலிருந்து ஒரு மெட்டையும் தாளத்தையும் ஒலியின் நிறத்தையும் கண்டெடுப்பது வேறு வேலை. அதில் ஒரு தனிமை இருக்கிறது. ஆனால் அப்படிப் பாட்டை உருவாக்கும் புரொடியூசருக்கு நாளை என்று ஒன்று உண்டு. நான்கு நிமிடப் பாட்டுக்கு நான்கு மாதம் எடுத்துக்கொள்ளலாம், பிடிக்காததை அழித்து மறுபடி செய்யலாம். உனக்கு எதிரே ஐந்நூறு பேர் நிற்கிறார்கள். ஒரு பாட்டு நிமிடத்துக்கு 124 தாள அடியிலும் அடுத்தது 128 அடியிலும் இருக்கும். வேகத்தை இழுத்துச் சேர்த்து, சுருதி முட்டாமல், எட்டு எட்டு ஆவர்த்தனமாக வரும் அமைப்பில் ஒன்றின் முடிவும் மற்றதன் தொடக்கமும் ஒரே அடியில் விழ வைக்க வேண்டும். இசைத்தட்டு ஓட்டும் பழைய டெர்ன்டேபிள் இரண்டை வாங்கி, வேகத்தை எட்டு சதவீதம் வரை கூட்டிக் குறைக்கும் அதன் ஸ்லைடரை மயிரிழையாக நகர்த்தி, ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு ஓராண்டு நீ பழகியதைப் பார்த்தவன் நான். அப்போது மின் கட்டணத்தைப் பற்றித்தான் பேசினேன்.

இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் இயந்திரமே வேகத்தைச் சேர்த்துவிடுகிறது, ஆகையால் இதில் என்ன திறமை என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கேள்வியில் பாதி நியாயம் உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. முன்கூட்டியே பதிவுசெய்த ஒரு மணி நேரத்தை ஓடவிட்டுக் கையை மட்டும் உயர்த்துகிறவரை நான் கலைஞர் என்று சொல்லமாட்டேன். ஆனால் சுருதிப் பெட்டி மின்சாரத்துக்கு மாறியதால் பாடகரின் வேலை குறைந்துவிடவில்லை. எந்தப் பாட்டு, எப்போது, எவ்வளவு நேரம் என்பதைப் பொத்தான் சொல்லாது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கமாட்டாய். நம் ரெக்கார்டிங் சென்டரின் மேசைக்கு அடியில் வளர்ந்தவள் நீ. இரவுப் பேருந்து ஓட்டுநர்களுக்கு 90 நிமிடக் கேசட்டில் பதிந்துகொடுப்பேனே, நினைவிருக்கிறதா? பண்ருட்டி நெருங்கும்போது கண் சொருகும் என்பதால், இரண்டாவது கேசட்டின் பி பக்கத்தில் வேகமான பாட்டுகளை வைப்பேன். அதையும் திடுக்கிடும்படி வைக்காமல், இரண்டு பாட்டு முன்பிருந்தே மெல்ல ஏற்றிக்கொண்டு போவேன். பக்கம் முடியும் இடத்தில் பாட்டு அறுபடக் கூடாது என்று 45 நிமிடத்தைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பேன். தஞ்சாவூரிலிருந்தெல்லாம் ஆட்கள் தேடி வந்தார்கள். அப்படியிருந்தும் தாத்தா பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "என் மகன் ஊரான் பாட்டை நாடாவில் அடைத்து விற்கிறான்" என்றார். அந்தச் சொல்லைச் சாகும்வரை மறக்கப்போவதில்லை என்று அன்று நினைத்தேன். அதே மாதிரிச் சொல்லைத்தான் பொங்கலன்று உன் பெரிய மாமாவிடம் நானும் சொன்னேன்: "பாட்டுப் போடுகிறாள்." நீ ஸ்பீக்கரில் இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன் என்பது சமாதானம் ஆகாது.

ஜெர்மனியின் உச்ச நிதி நீதிமன்றம் 2020-இல் சொன்ன தீர்ப்பை உன் தம்பி எடுத்துக் காட்டினான். டிஜேக்கள் பிறருடைய பதிவுகளை ஒலிக்கவிடுவதோடு நிற்பதில்லை, டெர்ன்டேபிளையும் ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரையும் இசைக்கருவிகளாகக் கொண்டு தங்களுக்கே உரிய புதிய இசையை நிகழ்த்துகிறார்கள் என்று ஏற்று, 19 சதவீதத்துக்குப் பதிலாகக் கச்சேரிக்குரிய 7 சதவீத வரியை அத்தகைய இரவுகளுக்கும் பொருத்தியிருக்கிறார்கள். வரி வழக்கில் நீதிபதிகள் கண்டுகொண்டதை உன் அப்பா கண்டுகொள்ளவில்லை. அந்தத் தாளை மாமாவிடம் நானே கொண்டுபோய்க் காட்டினேன்; அவர் வரி விகிதத்தை மட்டும் வியந்தார்.

காதடைப்பானை மறந்துவிடாதே. இரண்டு காதுக்கும் வைக்க வேண்டும். ஹெட்போன் இருக்கும் காதை விட்டுவிடக் கூடாது.

இப்போது சொல்லாமல் முடியாது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நீ சொந்தமாகச் செய்த பாட்டு ஒன்றை எனக்கு அனுப்பினாய். மேலே மெல்லியதாக நாகஸ்வரத்தின் சாயலில் ஓர் ஒலி இழைகிறது, கண்டுபிடியுங்கள் என்று எழுதியிருந்தாய். "ஒரே இடிச் சத்தமாக இருக்கிறது" என்று ஒரு வரியில் பதில் போட்டேன். அதற்குப் பிறகு நீ எதையும் அனுப்பவில்லை. நீ எதையும் உருவாக்கவும் இல்லை என்று தம்பி சொல்லித்தான் தெரியும். பாப்பா, எனக்கு உண்மையாகவே இடி மட்டும்தான் கேட்டது. சென்ற மாதம் மருத்துவர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கீழ்ச் சுருதிகள் ஏறக்குறைய இருக்கின்றன. 4000 ஹெர்ட்ஸை நெருங்கும்போது கோடு பள்ளத்தில் விழுகிறது, வலது காதில் அதற்கு மேல் அநேகமாக ஒன்றுமே இல்லை. இருபது ஆண்டுகள் கடையில் ஹெட்போனை முழுச் சத்தத்தில் மாட்டியிருந்ததற்கும், அதற்கு முன் தாத்தாவின் தவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டதற்கும் கணக்கு வந்திருக்கிறது. காது மந்தமாகிவிட்டது என்று எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். பாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறவனுக்குக் காது கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, குறையை உன் பாட்டின் மேல் போட்டேன்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது, நானே சொல்லிக்கொள்கிறேன். அடுத்த வாரம் கருவி பொருத்துகிறார்கள். அந்தப் பாட்டு பழைய தொலைபேசியோடு போய்விட்டது, தம்பியிடமும் இல்லை. மறுபடியும் அனுப்பு. நாகஸ்வரம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று மட்டும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா