இருமல் நின்ற பிறகும் மாத்திரை எதற்கு? தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

"இருமல் நின்னுடுச்சு, சளியிலயும் கிருமி இல்லையாம். இன்னும் நாலு மாசம் எதுக்குக்கா?" என்று உன் காசநோய் மாத்திரைகளைப் பற்றி நேற்று போனில் கேட்டாய். அவசரத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். உன்னைப் போல் கேட்பவர்கள் பலர் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

சளியில் கிருமி இல்லை என்றால், நுண்ணோக்கியில் தெரியும் அளவுக்கு இல்லை என்றுதான் பொருள். ஒரு மில்லிலிட்டரில் சில ஆயிரமாவது இருந்தால்தான் கண்ணில் படும்.

காசநோய்க் கிருமி மெதுவாக வளர்வது. குடலில் வாழும் ஈ.கோலை 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். இதற்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் வேண்டும். நீ சாப்பிடும் மருந்துகளில் ஒன்றான ஐசோநியாசிட்டோ, கிருமி புதுச் சுவர் கட்டும்போதுதான் அதைத் தாக்கும். நுரையீரலில் ஆக்சிஜன் குறைந்தால் கிருமி வளர்வதையே நிறுத்திக்கொண்டு முடங்கிக் கிடக்கும். அப்போது அந்த மருந்து அதை அதிகம் தொடுவதில்லை.

என்னை இன்னும் உலுக்கியது வேறொன்று. ஐசோநியாசிட் உள்ளே போகும்போது விஷமல்ல. கிருமியின் சொந்த நொதியான கேட்ஜிதான் அதை விஷமாக்குகிறது. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், காசநோய்க் கிருமிக்கு உறவான சாதுவான ஒரு கிருமியை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அந்த நொதி விட்டுவிட்டுத்தான் சுரக்கிறது. அடிக்கடி சுரந்தவை செத்தன, எப்போதாவது சுரந்தவை தப்பின. ஒரே தாயின் இரண்டு பிள்ளைகளில் ஒன்று போகும், ஒன்று நிற்கும்.

நானும் இதை எங்கள் ஆய்வகத்தில், கிருமி வளர்க்கும் தட்டில் பார்க்கிறேன். மருந்து கொடுத்த கிருமிகளைக் கழுவிப் பரப்பி வைத்தால், மூன்று வாரம் தட்டு சுத்தமாக இருக்கும். தூக்கிப் போடலாமா என்றுகூடத் தோன்றும். பிறகு ஒரு காலையில், ஓரமாக, ரொட்டித் துணுக்கு மாதிரி சொரசொரப்பாக வெளிர்மஞ்சள் புள்ளி ஒன்று. அதை வளர்த்து மறுபடி அதே மருந்தைக் கொடுத்தால், பெரும்பாலும் பழையபடியே செத்துப்போகிறது. அது எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமி இல்லை. அன்றைக்குத் தப்பியது, அவ்வளவுதான். உன் நாலு மாதமும் இப்படித் தப்பியவற்றுக்காகத்தான்.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறதே என்று பயந்தாயே, அது ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு மருந்தின் நிறம். அதுவும், அமிலச் சூழலில் பதுங்கியிருப்பவற்றைக் கொல்லும் பைரசினமைடும் சேர்ந்த பிறகுதான், ஒன்றரை வருடச் சிகிச்சை 6 மாதமாகக் குறைந்தது. அதையும் குறைக்க வேண்டும் என்றுதான் நாங்கள் பாடுபடுகிறோம்.

இப்போது இன்குபேட்டரில் ஐந்தாவது வாரத் தட்டு ஒன்று இருக்கிறது. நேற்று வரை ஒன்றும் முளைக்கவில்லை. நாளைக் காலை மாத்திரை போட்டதும் கூப்பிடு, என்ன தெரிந்தது என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா